வெளிநாட்டு ஏ.டி.எம்.மில் கரையும் பணம்

இந்திய வங்கியின் டெபிட் கார்டைச் செருகி பாங்காக் நகர ஏ.டி.எம். ஒன்றில் பணம் எடுத்தால், அந்த ஒரே பரிவர்த்தனைக்கு நான்கு கட்டணங்கள் விழக்கூடும். ஏ.டி.எம்.மை வைத்திருக்கும் தாய்லாந்து வங்கி கேட்கும் கட்டணம் ஒன்று. ரூபாயை அயல்நாட்டு நாணயமாக மாற்றுவதற்கு இந்திய வங்கி வைக்கும் ‘மார்க்அப்’ இரண்டாவது. அந்த மார்க்அப் மீதான ஜி.எஸ்.டி. மூன்றாவது. வெளிநாட்டில் பணம் எடுத்ததற்காக இந்திய வங்கி தனியாக வசூலிக்கும் தொகை நான்காவது. இவற்றில் முதல் கட்டணம் மட்டுமே ஏ.டி.எம். திரையில் தெரியும். மற்றவை ஊர் திரும்பிய பின் ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கும்போதுதான் பலருக்குத் தெரியவருகின்றன.

கார்டு உள்ளே போனதும், அதை வழங்கிய வங்கி எது என்பதை கார்டு எண்ணின் முதல் சில இலக்கங்கள் காட்டிக்கொடுக்கின்றன. பணம் கேட்கும் செய்தி விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு வழியாக இந்திய வங்கிக்குச் செல்கிறது. பின் எண், கணக்கிலுள்ள இருப்பு, வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கான அனுமதி ஆகியவை சரிபார்க்கப்பட்டு, சில நொடிகளில் ஒப்புதல் வந்துவிடுகிறது. பாத் நாணயத்துக்கு எத்தனை ரூபாய் என்பதை வலையமைப்பு தன் அன்றாட விகிதப்படி கணக்கிடுகிறது. வங்கிகள் தங்களுக்குள் நாணயம் வாங்கி விற்கும் மொத்தச் சந்தை விலைக்கு இந்த விகிதம் மிக நெருக்கமானது. அதன் மேல்தான் இந்திய வங்கி மார்க்அப்பை ஏற்றுகிறது. பெரும்பாலான கார்டுகளில் இது 2 முதல் 3.5 சதவீதம் வரை இருக்கும். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும்.

ஒரு பாத்தின் விலை 2.50 ரூபாய் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் இது தெளிவாகும். 10,000 பாத் எடுக்கிறார் ஒருவர். அதன் மதிப்பு 25,000 ரூபாய். தாய்லாந்து வங்கிகள் அயல்நாட்டு கார்டுகளுக்கு நீண்டகாலமாக 220 பாத் வசூலித்து வந்துள்ளன. சில வங்கிகளில் இது இன்னும் அதிகம். 220 பாத் என்றாலே 550 ரூபாய். இதையும் சேர்த்த தொகைக்கு 3.5 சதவீத மார்க்அப் 894 ரூபாய், அதற்கான ஜி.எஸ்.டி. 161 ரூபாய். இந்திய வங்கியின் தனிக்கட்டணம் 150 ரூபாய் என்றால், வரியோடு 177 ரூபாய். மொத்தம் 1,782 ரூபாய். எடுத்த தொகையில் ஏழு சதவீதம்.

அதே ஆள் 1,000 பாத் மட்டும் எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். சதவீதக் கட்டணங்கள் தொகையோடு சேர்ந்து குறையும்; ஆனால் 220 பாத்தும் 177 ரூபாயும் அப்படியே நிற்கும். 2,500 ரூபாய் மதிப்புள்ள பணத்துக்கு ஏறத்தாழ 853 ரூபாய் கட்டணம், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அடிக்கடி சிறிது சிறிதாக எடுப்பதைவிட, தேவையைக் கணித்து ஒருமுறை பெரிய தொகையாக எடுப்பதே லாபம்.

இவை போதாதென்று, திரையில் இன்னொரு கேள்வியும் காத்திருக்கும். தொகையை அழுத்தியதும், ‘உங்கள் கணக்கில் இத்தனை ரூபாய் கழிக்கப்படும், இந்த மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா?’ என்று ஏ.டி.எம். கேட்கும். பழகிய ரூபாயில் தொகை தெரிவதால் ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தத் தோன்றும். அழுத்தினால், நாணயத்தை மாற்றும் உரிமை வலையமைப்பிடமிருந்து அந்த ஏ.டி.எம்.மை நடத்துபவரிடம் போய்விடும். விகிதத்தை அவர் தன் லாபத்தையும் சேர்த்தே வைப்பார். மேலே சொன்ன கணக்கில் அவர் 2.50 ரூபாய்க்குப் பதில் 2.70 ரூபாய் என்று வைத்தால், 220 பாத் கட்டணமும் சேர்ந்த 10,220 பாத்துக்கு 2,044 ரூபாய் கூடுதலாகப் போகும். இந்திய வங்கியின் மார்க்அப்பும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தாலும் 1,055 ரூபாய்தான். ரூபாயில் முடிந்த பரிவர்த்தனை என்றாலும், வெளிநாட்டில் நடந்தது என்பதற்காகத் தனிக்கட்டணம் போடும் இந்திய வங்கிகளும் உண்டு.

‘ஏற்கவில்லை’ என்று அழுத்தினால் பணம் வராமல் போய்விடுமோ என்ற அச்சம் தேவையில்லை. நாணய மாற்றம்தான் ரத்தாகிறது. பணம் வழக்கம்போல் வரும், கணக்கு பாத்தில் பதிவாகும். கடைகளிலும் ஓட்டல்களிலும் கார்டைத் தேய்க்கும் கருவியில் இதே கேள்வி வரும். எல்லா இடங்களிலும் விடை ஒன்றே: அந்தந்த நாட்டு நாணயத்திலேயே செலுத்த வேண்டும். இந்த மாற்று முறையின் விலை வாடிக்கையாளருக்குத் தெரிவதில்லை என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஏப்ரல் முதல் தன் உறுப்பு நாடுகளுக்குள் நடக்கும் பரிவர்த்தனைகளில் அதைச் சதவீதமாகக் காட்ட வேண்டும் என்று விதித்தது.

கடைகளில் கிரெடிட் கார்டால் செலுத்தும்போது ஏ.டி.எம். கட்டணங்கள் இல்லை, மார்க்அப்பும் அதன் வரியும் மட்டுமே. மார்க்அப்பே இல்லாத கார்டுகளையும் சில இந்திய வங்கிகள் வழங்குகின்றன. ஆனால் கிரெடிட் கார்டால் ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பது கடன் வாங்குவதற்குச் சமம். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். அதற்கெனத் தனிக்கட்டணமும் உண்டு.

ஃபாரக்ஸ் கார்டு என்பது வெளிநாட்டு நாணயத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் கார்டு. ஏற்றும் நாளின் விகிதமே நிலைத்துவிடுவதால், பயணத்தின் நடுவில் ரூபாய் சரிந்தாலும் கவலையில்லை. ஏற்றிய நாணயத்திலேயே செலவழித்தால் மார்க்அப் இல்லை. டாலர் ஏற்றிய கார்டைத் தாய்லாந்தில் தேய்த்தால் மட்டும் நாணயம் மீண்டும் மாற வேண்டியிருப்பதால், அதற்கொரு கட்டணம் விழும். எந்த நாட்டுக்குப் பயணமோ, அந்த நாட்டு நாணயத்தை ஏற்றும் வசதி இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

ரொக்கமாகக் கொண்டுபோவோர் மணி சேஞ்சர் பலகையில் இரண்டு விலைகளைக் காணலாம்: வாங்கும் விலை, விற்கும் விலை. ‘கமிஷன் இல்லை’ என்று எழுதியிருந்தாலும், இவ்விரண்டுக்கும் இடையிலான வித்தியாசமே அவருடைய வருமானம். வித்தியாசம் குறைவாக உள்ள கடையே நல்ல கடை. விமான நிலையங்களில் இது பெரும்பாலும் அதிகமாக இருக்கும். பாங்காக் கடைகளில் 100 டாலர் நோட்டுக்கு ஒரு விலையும் சிறிய நோட்டுகளுக்கு அதைவிடக் குறைந்த விலையும் போட்டிருப்பார்கள்; கசங்காத பெரிய நோட்டுகளாக வாங்கிச் செல்வது நன்மை. பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை ரொக்கமாக எடுத்துச் செல்ல ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. மீதியைக் கார்டில் வைத்துக்கொள்ளலாம்.

யு.பி.ஐ. வசதியும் எல்லை தாண்டத் தொடங்கியுள்ளது. பூடானில் 2021இலும், இலங்கையிலும் மொரீஷியஸிலும் 2024 பிப்ரவரியிலும் அது அறிமுகமானது. செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை முன்பே இயக்கி வைத்தால், வசதியுள்ள கடைகளில் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து ரூபாய்க் கணக்கிலிருந்தே செலுத்தலாம். இதற்கும் மாற்றுக் கட்டணம் உண்டா என்பதை உறுதி செய்யும் முன் திரையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கார்டுகளிலும் இப்படி ஒரு முன்னேற்பாடு தேவை. 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிய கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் வாடிக்கையாளரே இயக்கி, உச்சவரம்பையும் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கார்டுகளை எடுத்துச் சென்று வெவ்வேறு பைகளில் வைத்தால், ஒன்று தொலைந்தாலும் பயணம் முடங்காது. ஓட்டல்கள் முன்பணமாக ஒரு தொகையை முடக்கி வைப்பது வழக்கம் என்பதால், அங்கே டெபிட் கார்டைவிடக் கிரெடிட் கார்டே ஏற்றது. ஊர் திரும்பியதும் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்துவிட்டு, ரசீதுகளை ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட வேண்டும். மிஞ்சிய வெளிநாட்டுப் பணத்தில் 2,000 டாலர் மதிப்பு வரை கையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை 180 நாட்களுக்குள் வங்கியிலோ உரிமம் பெற்ற மணி சேஞ்சரிடமோ மாற்றிவிட வேண்டும்.