ரயில்வே வேலையும் மெல்போர்ன் டிக்கெட்டும்

ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் கிடுகிடுவென்று ஆறடி வளர்ந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். ஊர் முதலில் என்ன கேட்கும்? "இவளுக்கு எங்கே போய் மாப்பிள்ளை தேடுறது?" அவ்வளவுதான். வகுப்பில் கடைசி பெஞ்ச், குரூப் போட்டோவில் பின்வரிசை, போளூர் பஸ்ஸில் குனிந்த தலை. கொஞ்ச நாளில் நடக்கும்போதே தோளைக் குறுக்கிக்கொள்ளப் பழகிவிடுவாள்.

அதே மலையில், காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986 முதல் வானத்து நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தரையில் இருக்கும் நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்க அப்படி எந்தக் கருவியும் இல்லை. யாராவது ஒரு பி.டி. டீச்சர் பார்த்து, "நீ பாஸ்கெட்பால் ஆடு" என்று சொன்னால்தான் உண்டு.

சரி, சொல்லிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பெண் எதுவரை போகலாம்? இதற்குப் பதில் தேடினால், நம் சென்னையில் வேலை பார்த்த ஒருவரிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அவர் கீத்து அன்னா ஜோஸ்.

கோட்டயம், சென்னை, மெல்போர்ன்

கேரளத்தின் கோட்டயம் அருகே கொல்லாடு என்ற ஊரில் 1985-ல் பிறந்தவர் கீத்து. உயரம் ஆறடி இரண்டு அங்குலம். சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் படித்தார். மலையாளப் பெண்களுக்கு விளையாட்டில் வாசல் திறந்துவிட்ட கல்லூரிகளில் அது முக்கியமானது. அங்கிருந்து அவர் வந்து சேர்ந்த இடம், சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட தெற்கு ரயில்வே.

இந்தியாவில் கூடைப்பந்து ஆடும் பெண்ணுக்கு ரயில்வே வேலை என்பது என்ன என்பதை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கிரிக்கெட் போல ஏலம் இல்லை, விளம்பரப் படம் இல்லை. கல்லூரியில் நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. மாதச் சம்பளம், குடும்பத்துக்கு மருத்துவ வசதி, ரயில் பாஸ். பயிற்சி முகாமுக்குப் போனால் சிறப்பு விடுப்பு. முழங்கால் போனாலும் வேலை போகாது. இதனால்தான் தேசிய அளவில் பெண்கள் கூடைப்பந்து என்றாலே பல ஆண்டுகள் இந்தியன் ரயில்வே அணியின் ராஜ்ஜியமாக இருந்தது. நல்ல ஆட்டக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆண்களுக்கும் கதை இதேதான். ஐ.ஓ.பி., இந்தியன் வங்கி, வருமான வரித்துறை, சுங்கத்துறை, ராணுவம், விமானப்படை. கோடை விடுமுறையில் தேனி மாவட்டம் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்குப் போனவர்களுக்கு இந்தப் பெயர்கள் மனப்பாடமாக இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் சின்ன ஊரே கேலரியில் உட்கார்ந்து, வங்கி குமாஸ்தாவும் விமானப்படை வீரரும் மோதுவதை விசிலடித்து ரசிக்கும். பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சுகமே தனி.

ஆனால், இந்தப் பாதுகாப்புக்கு ஒரு மறுபக்கம் உண்டு. வேலை கிடைத்த அன்றே பயணம் முடிந்ததாக வீடும் ஊரும் முடிவு கட்டிவிடும். அதற்கு மேலே போக வேண்டும் என்றால், அதற்கு ஏணியும் கிடையாது. வருஷம் முழுக்க நடக்கும் தொழில்முறை லீக் எதுவும் அப்போது இந்தியாவில் இல்லை.

கீத்து 2006-ல் அந்த எல்லையைத் தாண்டினார். ஆஸ்திரேலியாவில், மெல்போர்னின் கிழக்குப் புறநகரான ரிங்வுட்டின் 'ரிங்வுட் ஹாக்ஸ்' கிளப் அவரை அழைத்தது. விக்டோரியா மாநிலத்தின் 'பிக் வி' லீக்கில் ஆடும் அணி அது. ஆஸ்திரேலியாவின் உச்ச லீக் இல்லை, அதற்குக் கீழே உள்ளது. ஆனாலும், அங்கே போய்த் தொழில்முறையாக ஆடிய முதல் இந்தியப் பெண் என்று அவருக்குப் பெயர் கிடைத்தது. ஒரு சீசனோடு முடியவில்லை. மறுபடியும் போனார்.

வெளிநாட்டுக் கிளப்பில் ஆடுவது என்றால் சினிமாவில் காட்டுவது போல சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதில்லை. பெரும்பாலான லீக்குகளில் ஒரு அணிக்கு இத்தனை வெளிநாட்டவர்தான் என்று வரம்பு உண்டு. அந்த ஒன்றிரண்டு இடத்துக்கு அமெரிக்கர்களோடு போட்டி போட வேண்டும். நாடு விட்டு நாடு போய் ஆட, சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபாவின் விதிப்படி 'லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ்' என்ற அனுமதிக் கடிதம் வேண்டும். அரசு வேலையில் இருந்தால் அலுவலகத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும். ஒப்பந்தம் சில மாதங்களுக்குத்தான். அணி தோற்க ஆரம்பித்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது வெளிநாட்டு வீரர்தான். உள்ளூர்க்காரர் சுமாராக ஆடினால் மன்னிப்பார்கள். டிக்கெட் போட்டு வரவழைத்தவரை மன்னிக்க மாட்டார்கள்.

மூன்று அணிகள், ஒரு ஏப்ரல்

2011 ஏப்ரலில் கீத்துவுக்கு அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. உலகின் தலைசிறந்த பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்பார்க்ஸ், சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ் என மூன்று அணிகளின் தேர்வு முகாம். இந்தியப் பெண் ஒருவர் அதுவரை அந்த வாசல்வரை போனதில்லை.

இடம் கிடைக்கவில்லை.

இதைத் தோல்வி என்று சொல்வதற்கு முன்னால் ஒரு கணக்குப் பார்க்கலாம். அப்போது அந்த லீக்கில் இருந்தது 12 அணிகள். எல்லா அணிகளிலும் சேர்த்து 150 பேருக்குக்கூட இடமில்லை. அந்த இடங்களுக்கு வருபவர்கள் அமெரிக்கக் கல்லூரிகளில் நான்கு ஆண்டுகள் ஆடி முடித்து, 22 வயதில் வருபவர்கள். அங்கே ஒரு கல்லூரி அணி ஒரே சீசனில் சுமார் 30 ஆட்டங்கள் ஆடும். படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் உதவித்தொகையில். முழுநேரப் பயிற்சியாளர், பிசியோ, வீடியோ பார்த்துத் தவறு திருத்த ஆள். நம் ஊர்க் கல்லூரிப் பெண்ணுக்குப் பெரிய ஆட்டம் என்றால் தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி, அதில் ஜெயித்தால் அகில இந்தியப் போட்டி. சில நாட்களில் முடிந்துபோகும். இங்கே கல்லூரி வேலைக்குத் தயார்செய்கிறது, அங்கே லீக்குக்கு. கீத்து 25 வயதில் அந்த முகாமில் நின்றபோது அவருக்கும் பக்கத்தில் நின்றவருக்கும் இருந்த இடைவெளி திறமை மட்டும் சார்ந்ததல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களின் இடைவெளி.

நைஜீரியா இந்த விஷயத்தில் நமக்கு முன்னால் போனது எப்படி என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். லாகோஸ் நகரத்தில் ஹேண்ட்பால் ஆடிக்கொண்டிருந்த ஹக்கீம் ஒலாஜுவான், பதின்ம வயதின் நடுவில்தான் கூடைப்பந்தைத் தொட்டார். 1980-ல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1984-ல் என்.பி.ஏ. தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்கு 1994, 1995 என்று இரண்டு கோப்பைகள். ஆனால், அந்தச் சூப்பர் ஸ்டாரைவிட எனக்குப் பிடித்தது மசாய் உஜிரியின் கதைதான். நைஜீரியாவின் ஸாரியாவில் வளர்ந்தவர், வடக்கு டகோட்டாவில் ஒரு சிறிய கல்லூரியில் ஆடினார், பிறகு ஐரோப்பாவின் சின்னச் சின்னக் கிளப்புகளில். பெரிய ஆட்டக்காரர் ஆகவில்லை. சம்பளமே இல்லாமல் ஆள் தேடும் 'ஸ்கவுட்' வேலையில் சேர்ந்து மேலே வந்தார். 2019-ல் டொரான்டோ ராப்டர்ஸ் சாம்பியன் ஆனபோது அணியின் நிர்வாகத் தலைவர் அவர்தான். முன்னால் போனவர் பின்னால் வருபவருக்கு போன் நம்பர் கொடுக்கிறார். அதுதான் நைஜீரியர்களின் ஏணி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நைஜீரியப் பெண்கள் அணி காலிறுதிக்குப் போனது, கூடைப்பந்தில் இதுவரை எந்த ஆப்பிரிக்க அணியும் எட்டாத உயரம். அந்த அணியில் பலர் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடியவர்கள்.

போனவர்கள், இருந்தவர்கள்

கீத்துவுக்குப் பிறகு போனவர்களில் பஞ்சாபிகள் அதிகம். பர்னாலா மாவட்டத்தின் பல்லோ கே கிராமத்து விவசாயி மகன் சத்னம் சிங், 14 வயதில் உதவித்தொகையோடு அமெரிக்கா போனார். ஏழடி இரண்டு அங்குல உயரம். 2015-ல் டல்லாஸ் மேவரிக்ஸ் அவரை 52-வது ஆளாக எடுத்தபோது, என்.பி.ஏ. அணி ஒன்று தேர்ந்தெடுத்த முதல் இந்தியர் ஆனார். நாடே கொண்டாடியது. ஆனால், என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. கீழ்நிலை லீக்கில் டெக்ஸாஸ் லெஜண்ட்ஸ், பிறகு கனடாவில் ஒரு கிளப். 2020-ல் ஊக்கமருந்து விவகாரத்தில் இரண்டு ஆண்டுத் தடை. இப்போது அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்த மேடையில் நிற்கிறார்.

அம்ரித்பால் சிங்கின் கதை வேறு மாதிரி. அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமத்தில் கபடி ஆடிக்கொண்டிருந்தவர், மற்றவர்கள் கல்லூரி அணியில் ஆடும் வயதில்தான் கூடைப்பந்தையே கையில் எடுத்தார். ஜப்பானில் ஆடினார். 2017-ல் சிட்னி கிங்ஸ் அணியில் சேர்ந்து, ஆஸ்திரேலியாவின் உச்ச லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். தாமதமாக ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு ஆறுதல்.

இருந்த இடத்திலிருந்தே உயர்ந்தவரும் உண்டு. சென்னைப் பெண் அனிதா பால்துரை. கீத்துவைப் போலவே தெற்கு ரயில்வே. 19 வயதிலேயே இந்திய அணிக்குக் கேப்டன். 2012-ல் சீனாவின் ஹையாங்கில் நடந்த ஆசிய கடற்கரை விளையாட்டுப் போட்டியில், அணிக்கு மூன்று பேர் ஆடும் ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்றார்கள். அந்த அணியில் கீத்துவும் அனிதாவும் சேர்ந்தே ஆடினார்கள். குழந்தை பிறந்த பிறகும் அனிதா கோர்ட்டுக்குத் திரும்பினார். 2017-ல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் 'பி' பிரிவை இந்தியா வென்றபோது அணியில் இருந்தார். 2021-ல் பத்மஸ்ரீ வந்தது. கீத்துவுக்கு 2014-ல் அர்ஜுனா விருது.

ரயில்வே வேலை ஒரு கூண்டு என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். மாதச் சம்பளம் இல்லாமல், பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு எந்தப் பெண் பயிற்சிக்குப் போக முடியும்? மெல்போர்னுக்கும் சிகாகோவுக்கும் போய்விட்டு, இடம் கிடைக்காவிட்டால் திரும்பி வர ஒரு மேஜை இருக்கிறது என்ற தைரியத்தை யார் தருவார்கள்? குறை வேலையில் இல்லை. அதற்கு மேலே இன்னொரு படி கட்டப்படாததில்தான் இருக்கிறது. இப்போது சில பெண்கள் பள்ளி முடித்ததுமே அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். பெங்களூரின் சஞ்சனா ரமேஷ், வடக்கு அரிசோனா பல்கலைக்கழக அணிக்கு உதவித்தொகையில் போனவர்.

ஜமுனாமரத்தூர்ப் பெண்ணை மறந்துவிடவில்லை. அவளுக்கு அமெரிக்கா ரொம்ப தூரம். முதல் படி திருவண்ணாமலையில் இருக்கிறது, மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் 7, 8, 9, 11-ம் வகுப்புகளுக்குச் சேர்க்கை நடக்கும். கோடை விடுமுறையை ஒட்டித் தேர்வு வைப்பார்கள், விண்ணப்பம் ஆன்லைனில். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு செலவு. அதன்பின் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டா. தமிழக அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு என்றால் இந்த வருடமே போகலாம். இல்லையென்றால் பதினொன்றாம் வகுப்புவரை காத்திருக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தை நிரப்ப ஆதார் எண், பிறப்புச் சான்றிதழ், பள்ளியிலிருந்து ஒரு கையெழுத்து ஆகியவற்றைத் தயாராக வைத்திருப்பது நல்லது. மலையில் சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்து நின்றுகொள்ளுங்கள்.