உடலுக்கு உத்தரவு

கொழும்பில் 1988-ல் பிறந்து, கைக்குழந்தையாகவே ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்த தமிழர் ரமேஷ் மரியோ நித்தியேந்திரன். சுடுமண் சிற்பி. ஆணா, பெண்ணா என்று பிரிக்க முடியாத உடல்கள். சிலவற்றில் மனித முடியும் உண்டு. 2015-ல் சிட்னி மையர் பீங்கான் கலை விருது பெற்றார்.

வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று சிலர் ஒதுக்குவார்கள். உடல் எப்படித் தெரிய வேண்டும் என்று உத்தரவு போட்டது நம் திருவிதாங்கூர் அரசுதானே! தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு, 1859-ல் நாடார் பெண்களுக்கு மேலாடையை அனுமதித்தபோதும், 'உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது' என்று நிபந்தனை வைத்தது. புலையர் பெண்களின் கழுத்தில் கல்மாலை அப்போதும் கிடந்தது. 1915-ல் கொல்லத்தில் அய்யன்காளி கூட்டிய கூட்டத்தில்தான் அதை அறுத்தெறிந்தார்கள்.

நித்தியேந்திரனின் மண் உருவங்களைப் பாருங்கள். அனுமதி கேட்டு நிற்கும் ஒன்றையும் காணோம்.