பீளமேட்டுக் கையேடும் கணிப்பொறிப் படமும்

சிங்காநல்லூரிலிருந்து காமராஜர் சாலையில் வடக்கே சென்று, ஹோப் காலேஜ் சந்திப்பில் அவினாசி சாலையைப் பிடிக்கிறவர், பம்புசெட்டுப் பட்டறைகளையும் லேத்துகளின் ஓசையையும் கடந்து, பீளமேட்டில் 1951-இல் தொடங்கப்பட்ட பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியை அடைவார். அதன் முதல்வராயிருந்த பேராசிரியர் ஜி.ஆர். தாமோதரன், விஞ்ஞானத்தைத் தமிழிலே சொல்லியாக வேண்டுமென்ற சிரத்தையினால் 'கலைக்கதிர்' என்ற சஞ்சிகையையும் நடத்தியவர். அந்தப் பெயர் தாங்கிய அச்சகத்திலிருந்துதான், இக்கல்லூரி ஆசிரியர்கள் தொகுத்த இயந்திர வடிவமைப்புத் தரவுக் கையேடு வெளிவந்தது. பரீட்சை மண்டபத்துக்குள் பகிரங்கமாக எடுத்துச் செல்ல அனுமதி பெற்ற புத்தகம் என்பதால், மாணவர்களுக்கு அதன்மீது தனிப் பிரியம் உண்டு.

உலோகங்களின் வலிமை, பல்சக்கரக் கணக்கு, பேரிங்கின் ஆயுள் என்று அட்டவணை அட்டவணையாக விரியும் அக்கையேட்டையும் ஸ்லைடு ரூலையும் துணைகொண்டு உத்தியோகத்தைத் தொடங்கிய ஒரு தலைமுறைப் பேராசிரியர்கள், நடுவயதில் வேறொரு வித்தையையும் கற்க நேர்ந்தது. ஒரு பொருளை ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாக மனத்தால் வெட்டி, ஒவ்வொன்றும் பாரத்தால் எவ்வளவு விலகும் என்பதற்குச் சமன்பாடு எழுதி, அவை அனைத்தையும் ஒருங்கே கணிப்பொறியைத் தீர்க்கச் செய்யும் அம்முறைக்கு, அமெரிக்கப் பேராசிரியர் ரே கிளஃப் 1960-இல் இட்ட 'ஃபைனைட் எலிமென்ட்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. விமான இறக்கைக்காகப் பிறந்த அந்த வித்தை இன்று பம்பின் ஷாஃப்டுக்கும் பயன்படுகிறது.

ஷாஃப்டு பெரும்பாலும் ஒடிவது நடுவில் அன்று. விட்டம் மாறும் படியிலோ, கீவேயின் மூலையிலோதான் நுண்ணிய விரிசல் தோன்றி, லட்சக்கணக்கான சுழற்சிகளில் மெல்ல வளர்கிறது. கணிப்பொறி தகைவைக் காட்டும் வர்ணப்படத்திலும் அந்த மூலைதான் சிவந்து காணும். ஆனால் வளைவே இல்லாத கூர்மூலையாக அதை வரைந்துவிட்டால், கூறுகளைச் சிறிதாக்கச் சிறிதாக்கத் தகைவின் எண் எல்லையின்றி ஏறிக்கொண்டே போகும். அது இரும்பின் குணமன்று, வரைந்தவனின் அசிரத்தை. ஆகவே முறுக்குவிசையைப் பதினாறால் பெருக்கி, விட்டத்தின் முப்படியையும் பையையும் (π) பெருக்கி வந்த எண்ணால் வகுத்து, சாமானியத் தகைவு எவ்வளவு என்று காகிதத்தில் முதலில் கண்டு, படி விளிம்பின் வளைவுக்கேற்ற பெருக்கத்தைக் கையேட்டு வரைபடத்தில் பார்த்துக்கொண்ட பிறகே கணிப்பொறியை அணுகச் சொல்லும் ஆசிரியரைப் பழைமைவாதி என்று நான் கருதமாட்டேன். இரண்டு விடைகளும் வெகுதூரம் விலகி நின்றால், அவர் முதலில் சந்தேகிப்பது அந்த வர்ணப்படத்தைத்தான்.