மல்லாட்டையில் படரும் பச்சைத் தூள்

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான்தான் நினைவுக்கு வரும். சுற்றுவட்டார விவசாயிகளுக்கோ முந்திரியும் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையும்தான் பிழைப்பு. வி.ஆர்.ஐ. என்று தொடங்கும் நிலக்கடலை ரகங்கள் இங்குள்ள மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை.

எந்த ரகமானாலும், ஈரம் வற்றாமல் மூட்டை பிடித்தால் பருப்பின் மேல் மஞ்சளோடிய பச்சைத் தூள் படியும். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளாவஸ் என்ற பூஞ்சையின் ஸ்போர்கள் அவை. அதற்கு முன்பே வெள்ளை இழைகளாகப் பருப்பில் ஓடி, அந்தப் பூஞ்சை தின்று வளர்ந்துகொண்டிருந்திருக்கும். தின்பதை விட்டு இனம் பெருக்கப் போகும் நேரத்தை அது எப்படி அறிகிறது?

இந்தக் கேள்விக்கு அதிகம் விடை தந்திருப்பது அதன் உறவுக்காரப் பூஞ்சையான ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ். முளைத்து ஏறக்குறைய 18 மணி நேரம் வளர்ந்தால்தான் அதற்கு ஸ்போர் விடும் பக்குவம் வரும். பிறகு காற்றுப் பட வேண்டும். திரவத்தில் மூழ்கியே கிடந்தால் பொதுவாக இழையாகவே இருந்துவிடும்.

'வளர்ந்துகொண்டே இரு' என்ற சமிக்ஞையைத் தருவது ஃபேட்-ஏ என்ற புரதம். அதை எஃப்.எல்.பி-ஏ என்ற இன்னொரு புரதம் அணைக்கிறது. அப்போது ஸ்போர் உருவாக்கத்தைத் தொடங்கிவைக்கும் பி.ஆர்.எல்-ஏ மரபணு விழித்துக்கொள்கிறது. இழையிலிருந்து ஒரு காம்பு நிமிர்ந்து, நுனி உருண்டையாக உப்பி, அதன்மேல் அடுக்கடுக்காகச் செல்கள் முளைத்து, ஸ்போர்கள் மணிச்சரமாகக் கோத்து வரும். ஒரே காம்பில் 10,000க்கும் மேல்! அந்த மரபணு பழுதானால் மொட்டைக் காம்புதான் நீண்டுகொண்டே போகும். 1988இல் ஆய்வாளர்கள் திரவத்துக்குள்ளேயே அந்த மரபணுவை வலிந்து இயக்கினார்கள். வளர்ச்சி நின்றது, இழை நுனிகளிலேயே ஸ்போர் வந்தது.

ஒளிக்கும் இதில் பங்குண்டு. வெளிச்சத்தில் இந்தப் பச்சை ஸ்போர்கள் பெருகும். இருட்டில் வி-ஏ என்ற புரதம் உட்கருவுக்குள் போய், வெல்-பி, லே-ஏ ஆகியவற்றோடு கைகோத்துப் பால்வழி இனப்பெருக்கத்தின் பக்கம் திருப்பிவிடும். லே-ஏ பூஞ்சையின் நஞ்சுத் தயாரிப்பையும் ஆள்வது.

நமக்குக் கவலை அந்த நஞ்சுதான். ஃபிளாவஸ் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் 1960இல் இங்கிலாந்தில் கடலைப் புண்ணாக்கு தின்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகளைக் கொன்றது. 1974இல் ராஜஸ்தான், குஜராத்தில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தால் மனிதர்களே மாண்டார்கள். நிடுலன்ஸில் இதே நஞ்சின் முன்வடிவம் உருவாக, ஸ்போருக்குப் போலவே ஃபேட்-ஏ அணைய வேண்டும் என்று 1997இல் தெரியவந்தது. வளர்ச்சிக்குப் பூட்டு விழும்போதுதான் ஸ்போருக்கும் நஞ்சுக்கும் வழி திறக்கிறது.

ஆகவே பூஞ்சையை வளரவே விடக்கூடாது. பறித்த காயை உடனே களத்தில் பரப்பி, உலுக்கினால் பருப்பு கலகலக்கும்வரை, அதாவது ஈரப்பதம் 8 சதவீதம் அளவுக்கு இறங்கும்வரை காயவைக்க வேண்டும். சாதாரண வறுவலில் இந்த நஞ்சு முழுதாக அழியாது. செக்கில் ஆட்டினால் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். அதைத் தின்னும் மாட்டின் பாலில் வேறு வடிவில் வந்து சேரும்.