டாட் காமில் போடும் பணம்

2024 நவம்பரில் ஓபன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மன் தன் எக்ஸ் பக்கத்தில் ‘சாட்.காம்’ என்று ஒரு முகவரியை மட்டும் பதிவிட்டார். தட்டினால் சாட்ஜிபிடி திறந்தது. அந்தப் பெயரை 2023இல் 1.55 கோடி டாலர் கொடுத்து வாங்கியிருந்தவர் ஹப்ஸ்பாட் நிறுவனர்களில் ஒருவரான தர்மேஷ் ஷா. அவரிடமிருந்துதான் அது கைமாறியது. இப்படிச் செய்தி வரும்போதெல்லாம், ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்கு ஒரு டொமைனைப் பதிந்து வைத்து லட்சங்களில் விற்றுவிடலாம் என்று பலரும் கிளம்புகிறார்கள். நேர்மையாகச் செய்யக்கூடிய தொழில்தான் இது. ஆனால் இதில் பணம் எந்த வழியாகக் கரைகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

டொமைனை யாரும் ஒரேயடியாக விலைக்கு வாங்கிவிட முடியாது. டாட் காம் பெயர்களின் மூலப் பதிவேடு அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனத்திடம் இருக்கிறது. நாம் பதிவு நிறுவனம் ஒன்றின் வழியே ஆண்டுக்கட்டணம் கட்டி, பெயரைப் பயன்படுத்தும் உரிமையைப் பெறுகிறோம். ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குக் கட்டலாம். கட்டத் தவறினால் சில வாரங்கள் அவகாசம் உண்டு. அதன்பிறகு 30 நாள்களுக்குள் கூடுதல் தொகை கட்டி மீட்கலாம். அதையும் விட்டால், மேலும் 5 நாள்களில் பெயர் பொதுவில் விழுந்துவிடும். நல்ல பெயர்கள் பெரும்பாலும் அதுவரை போவதில்லை. பதிவு நிறுவனங்களே இடையில் ஏலம் விட்டுவிடுகின்றன. ஆங்கிலத்தில் மூன்றெழுத்து டாட் காம் பெயர்கள் மொத்தம் 17,576தான். அத்தனைக்கும் எப்போதோ ஆள் வந்துவிட்டது. ஆகவே காலியாகக் கிடைக்கும் பெயரைப் பதிந்து லாபம் பார்ப்பது அரிது. விவரம் தெரிந்தவர்கள் காலாவதி ஏலத்திலோ, இன்னொரு உரிமையாளரிடமோதான் வாங்குகிறார்கள்.

விலையை எப்படிக் கணிப்பது? ஒரே பெயருக்கு இரண்டு விலை உண்டு. சக வியாபாரி தருவது ஒன்று. அந்தப் பெயரில் தொழில் நடத்தப்போகும் நிறுவனம் தருவது இன்னொன்று. இரண்டுக்கும் இடையில் பத்து மடங்கு வித்தியாசம்கூட இருக்கலாம். பெயரைப் போட்டதும் விலை சொல்லும் தளங்களுக்கு இந்த வேறுபாடு பிடிபடாது. அவை காட்டும் தொகையை நம்பி வாங்கவே கூடாது. அதே வகைப் பெயர்கள் முன்பு என்ன விலைக்குப் போயின என்று நேம்பயோ போன்ற விற்பனைப் பதிவுகளில் பார்ப்பது மேல். பிறகு பெயரைத் தொலைபேசியில் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். கேட்டவர் பிழையில்லாமல் தட்டச்சு செய்தால்தான் அது விற்கக்கூடிய பெயர். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் பதிபவர்கள் சறுக்குவது இங்கேதான்: ‘வாழை’யின் ழகரத்துக்கு ஒருவர் ‘இசட் எச்’ போடுவார், மற்றவர் ‘எல்’ போடுவார், நெடிலுக்கு ஒரு ‘ஏ’வா, இரண்டா என்பது அடுத்த குழப்பம்.

இனி ஒரு கணக்கு. ஒருவர் 200 பெயர்கள் வைத்திருக்கிறார். பெயருக்கு ஆயிரம் ரூபாய் என்றாலும் ஆண்டுக்கு 2 லட்சம் புதுப்பிப்புக் கட்டணம். நூற்றுக்கு ஒன்றிரண்டு பெயர்கள் ஆண்டில் விற்றாலே நல்ல விற்பனை என்பது இத்துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் விகிதம். மூன்று விற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். விற்பனைத் தளம் 20 சதவீதம் கமிஷன் எடுத்தால், கட்டணத்தை ஈடுகட்ட மட்டுமே ஒவ்வொன்றும் 83 ஆயிரத்துக்கு மேல் போக வேண்டும். வாங்கிய செலவை இதில் சேர்க்கவே இல்லை. இருநூறு சுமாரான பெயர்களைவிடப் பத்து நல்ல பெயர்களே மேல் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

பிரபலமான நிறுவனத்தின் பெயரைப் பதிந்துவைத்துப் பேரம் பேசலாம் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. அது முதலீடே அல்ல. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே 1999இல் ‘சிஃபி’ பெயரில் டொமைன்களைப் பதிந்தது. பெங்களூரு நிறுவனம் ஒன்று ஆங்கிலத்தில் ஓர் ‘எஃப்’ எழுத்தைக் கூட்டி ‘சிஃபிநெட்’ என்று பதிந்தது. எங்கள் நிறுவனர்கள் ஐந்து பேரின் முதலெழுத்துகள் அவை என்றது. உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. வணிக முத்திரைக்குரிய பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் உண்டு என்று 2004இல் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் போகாமலேயே பெயரை மீட்க, 1999 முதல் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் தகராறு நடைமுறை இருக்கிறது. டாட் இன் பெயர்களுக்குத் தனி நடைமுறை உண்டு. முத்திரையை ஒத்த பெயர், பதிந்தவருக்கு நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கம் ஆகிய மூன்றும் நிரூபணமானால் பெயர் பறிபோகும். பதிந்தவருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. பதியும் முன் வணிக முத்திரைப் பதிவேட்டில் தேடிப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும்.

விற்கும் நேரத்தில் வரும் மோசடி ஒன்று உண்டு. “உங்கள் பெயரைப் பெரிய தொகைக்கு வாங்கிக்கொள்கிறேன், முதலில் இந்தத் தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்புங்கள்” என்று மின்னஞ்சல் வரும். சான்றிதழுக்குக் கட்டணம் கட்டியதும் ஆள் காணாமல் போவார். தளமும் அவருடையதாகவே இருக்கும். உண்மையாக வாங்குபவர் சான்றிதழ் கேட்க மாட்டார். பணத்தை எஸ்க்ரோ எனப்படும் இடைநிலைக் கணக்கில் செலுத்துவார். பணம் அங்கு வந்துவிட்டதை அந்த எஸ்க்ரோ நிறுவனத்தின் தளத்தில் நீங்களே உள்நுழைந்து உறுதிசெய்த பிறகுதான், பெயரை மாற்றித் தரும் ரகசியக் குறியீட்டைக் கொடுக்க வேண்டும்.