அந்தப் புகைச் சீட்டைப் படித்துப் பார்த்தீர்களா?

பாடி மேம்பாலம் இறங்கி, திருவள்ளூர் நெடுஞ்சாலையில் அம்பத்தூர், ஆவடி பக்கம் போனால் பெட்ரோல் பங்க் ஓரங்களில் புகைப் பரிசோதனை மையங்களின் பலகைகள் கண்ணில் படும். பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலும் அப்படித்தான். வண்டியை நிறுத்துகிறோம், சைலன்சருக்குள் குழாயைச் செருகுகிறார்கள், பணம் கொடுக்கிறோம், சீட்டை வாங்கி டேஷ்போர்டில் போட்டுவிட்டுக் கிளம்புகிறோம். சீட்டில் அச்சாகியிருக்கும் எண்களை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. பதினைந்து, இருபது வயதான கார் வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்தே ஆக வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவு மாதிரி, எஞ்சினுக்குள் எது கெட்டிருக்கிறது என்று அந்த எண்கள் சொல்லிவிடுகின்றன. படிக்கத் தெரிந்தால் வீண் செலவு பாதி மிச்சம்.

முதலில் சட்டம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115-ஆவது விதி, பதிவாகி ஓராண்டு முடிந்த எல்லா வண்டிக்கும் புகைச் சான்று வேண்டும் என்கிறது. பாரத் ஸ்டேஜ் 4, 6 வண்டிகளுக்குச் சான்று 12 மாதம் செல்லும். அதற்கு முந்தையவற்றுக்கு 6 மாதம்தான். வரம்பு மீறிய புகையோடு ஓட்டினால், 2019 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமத்தையும் 3 மாதம் முடக்கலாம்.

டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டியும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட கதை எல்லோருக்கும் தெரியும். இங்கே சொந்த உபயோகக் கார்களுக்கு அப்படி வயது வரம்பு கிடையாது. 15 ஆண்டு முடிந்ததும் அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ உள்ள ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாக ஆர்சியைப் புதுப்பித்துக்கொள்ளலாம். புதுப்பிக்கும் கட்டணம் மட்டும் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வயது தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். இவ்வளவு கட்டி வண்டியை வைத்துக்கொள்பவர் புகை விஷயத்தில் கோட்டை விடலாமா?

உங்கள் காருக்கு எந்த வரம்பு என்பதில் பலர் குழம்புகிறார்கள். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் கார் என்றால், ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை, ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம் வரை போகலாம். ஸ்டேஜ் 2, 3 கார்களுக்கு இது 0.5 சதவீதம், 750 பிபிஎம். ஸ்டேஜ் 4-க்கு 0.3 சதவீதம், 200 பிபிஎம். அதோடு ஆக்சிலரேட்டரை அழுத்தி நிமிடத்துக்கு 2,500 சுற்றில் நிறுத்தி இன்னொரு சோதனையும் உண்டு. அந்தச் சுற்றில் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள்ளும், காற்றும் பெட்ரோலும் சேரும் விகிதத்தைக் காட்டும் லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் இடையிலும் இருக்க வேண்டும்.

வண்டி எந்த ஆண்டு என்று பார்த்தால் மட்டும் போதாது, எந்த ஊரில் விற்றது என்றும் பார்க்க வேண்டும். ஸ்டேஜ் 2 சென்னைக்கு 2001-லேயே வந்துவிட்டது. நாடு முழுக்க வந்தது 2005-ல். ஸ்டேஜ் 4 சென்னைக்கு 2010 ஏப்ரலில், நாடு முழுக்க 2017 ஏப்ரலில். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைகளுக்கும் விமானப்படைக்கும் மாற்றலாகி வருபவர்கள் வெளிமாநிலக் காரோடு வருகிறார்கள். தென் மாவட்டங்களிலிருந்து செகண்ட் ஹேண்ட் வாங்கி வருபவர்களும் ஏராளம். 2012 மாடல் கார் ஒன்று சென்னைப் பதிவாக இருந்தால் ஸ்டேஜ் 4, வேறு ஊர்ப் பதிவானால் ஸ்டேஜ் 3 ஆகவும் இருக்கலாம். பரிவாகன் தளத்தில் வண்டி விவரத்தைத் திறந்து எந்த ஸ்டேஜ் என்று பார்த்துக்கொண்டு போவது நல்லது.

இனி எண்களுக்கு வருவோம். மோனாக்சைடு அதிகம் என்றால் எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போகிறது. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், சோக் முழுதாகத் திறக்காமல் நிற்கலாம், கார்புரேட்டரில் மிதவை மட்டம் ஏறியிருக்கலாம், இன்ஜெக்டர் ஒழுகலாம். ஹைட்ரோகார்பன் என்பது எரியாமலே வெளியே வரும் பெட்ரோல். அது மட்டும் ஏறி, மோனாக்சைடு குறைவாக இருந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாகப் பற்றவில்லை, மெக்கானிக் பாஷையில் ‘மிஸ்ஸிங்’. பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர், வால்வு என்று தேட வேண்டிய இடமே மாறிவிடுகிறது. பெட்ரோல் அளவுக்கு மீறிக் குறைந்தாலும் மிஸ்ஸிங் வரும். இன்டேக் பக்கம் ரப்பர் குழாய் வெடித்துக் காற்றை இழுத்தால் அப்படி ஆகும். இரண்டு எண்ணும் ஏறியிருந்தால் முதலில் பெட்ரோல் அளவைச் சரிசெய்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

கருவி இன்னும் இரண்டு வாயுக்களையும் அளக்கிறது: கார்பன் டையாக்சைடு, ஆக்சிஜன். கணினித் திரையை ஒரு நிமிடம் காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டுவார்கள். நன்றாக எரியும் எஞ்சினில் டையாக்சைடு 13, 14 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அது இறங்கி ஆக்சிஜன் ஏறியிருந்தால் சைலன்சரில் எங்கேயோ ஓட்டை, அல்லது குழாய் போதிய ஆழம் போகவில்லை. குறைந்தது 30 சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். துருப்பிடித்த சைலன்சர் வெளிக்காற்றைக் கலந்து எண்ணைக் குறைத்துக் காட்டும். அதை வைத்து வண்டி நல்லாயிருக்கிறது என்று நம்பினால் ஏமாந்து போவோம்.

கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். அம்பத்தூர் எஸ்டேட் சுற்றுவட்டாரத்தில் கைதேர்ந்த டியூனிங் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பாடியில் லூகாஸ் டிவிஎஸ் ஆலை 1960-களிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டார்ட்டர் செய்து வந்த ஊர்ப்பக்கம் இது. அப்படி ஒருவர் முதலில் கார்புரேட்டரைத் தொடவே மாட்டார். பிளக் நான்கு... இல்லை, 800-க்கு மூன்று சிலிண்டர், மூன்று பிளக். மூன்றையும் கழற்றி வரிசையாகத் துணியில் வைப்பார். நுனி காபி நிறத்தில் இருந்தால் நல்லது. கரிக்கரியென்று காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். பிசுபிசுவென்று கரியோடு எண்ணெய் இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல். அதை எந்த டியூனிங்கும் தீர்க்காது. பிறகு இடைவெளியை 0.7 முதல் 0.8 மில்லிமீட்டருக்குள் கொண்டுவருவார், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளே விரிசல், கரிக்கோடு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார், டைமிங் பார்ப்பார். ஏர் ஃபில்டரை மாற்றிய பிறகுதான் கடைசியாக எஞ்சினைச் சூடாக்கி, மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் திருகு, அரைத் திருகாகத் திருப்புவார். இந்த வரிசை முக்கியம். அழுக்கு ஃபில்டரோடு ஸ்க்ரூவைத் திருகிச் சரிக்கட்டினால், ஃபில்டர் மாற்றிய அன்றே வண்டி திணறும்.

இன்ஜெக்ஷன் கார்களில் திருப்ப ஸ்க்ரூ இல்லை. பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் தயாராகத் தொடங்கிய சான்ட்ரோ முதல் இந்த வகைதான். இவற்றில் ஸ்டேஜ் 2-க்குப் பிந்தைய வண்டிகளில் பெரும்பாலும் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு: ஆக்சிஜன் சென்சார், கேடலிடிக் கன்வெர்ட்டர். சென்சார் சோம்பினால் கணினி பெட்ரோலை அள்ளி ஊற்றும். மோனாக்சைடு ஏறும், மைலேஜ் இறங்கும். கூலன்ட் வெப்பச் சென்சார் கெட்டாலும் இதே நிலைமைதான். எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே இருப்பதாகக் கணினி நினைத்துக்கொள்ளும். இரண்டுமே கன்வெர்ட்டரைவிடப் பலமடங்கு மலிவு. அதனால் யாராவது எடுத்த எடுப்பில் கன்வெர்ட்டர் போய்விட்டது என்றால், ஸ்கேனர் போட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பிக்கப் வரவில்லை என்று கன்வெர்ட்டரை அறுத்து எறிந்துவிட்டு வெறும் குழாய் வைப்பதும் நடக்கிறது. அதற்குள் இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்துக்குப் பழைய சாமான் சந்தையில் நல்ல விலை என்பதை அறிவுரை சொல்பவர் சொல்வதில்லை.

நம் பகுதிக்கே உரிய ஒரு சங்கடம் வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர் எஸ்டேட் பகுதிகளில் நின்ற தண்ணீரில் கார்கள் ஊறின. சூடான கன்வெர்ட்டரில் குளிர்ந்த நீர் பட்டால் உள்ளிருக்கும் பீங்கான் விரிசல் விடும். சைலன்சருக்குள் புகுந்த நீர் சென்சாரைக் கெடுக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டதே என்று விட்டிருப்போம். பிறகு வந்த சோதனைகளில் எண்கள் ஏறியிருந்தால் அந்த மழையையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். சைலன்சருக்குள் கல் உருளும் சத்தம் கேட்டால் பீங்கான் உடைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

பெட்ரோலும் மாறிவிட்டது. பங்க்கில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய கார்புரேட்டரில் கலவை மெலிகிறது. மோனாக்சைடு இறங்கலாம், மிஞ்சிப் போனால் மிஸ்ஸிங் வந்து ஹைட்ரோகார்பன் ஏறும். டேங்கில் வருடக்கணக்கில் படிந்த அழுக்கையும் அது கிளப்பி ஃபில்டரில் சேர்க்கும், பழைய ரப்பர் குழாய்களை உப்பவைக்கும். ஆகவே பெட்ரோல் ஃபில்டரையும் ரப்பர் குழாய்களையும் மாற்றி வைப்பது நல்லது. பாட்டிலில் விற்கும் கிளீனர்களை ஊற்றினால் இன்ஜெக்டர் கொஞ்சம் சுத்தமாகலாம். தேய்ந்த பிளக்கையும் செத்த சென்சாரையும் அவை உயிர்ப்பிக்காது.

சோதனைக்குப் போகும் நாளில் செய்ய வேண்டியது எளிது. எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டிய தேதி தாண்டியிருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். பழைய ஆயிலில் கலந்திருக்கும் பெட்ரோல் ஆவியாகி மறுபடி எஞ்சினுக்குள்ளேயே போகிறது. அம்பத்தூர்க்காரர்கள் பைபாஸிலும், பூந்தமல்லிக்காரர்கள் நசரத்பேட்டை பக்கம் வெளிவட்டச் சாலையிலும் இருபது நிமிடம் ஒரே சீரான வேகத்தில் ஓட்டிவிட்டு நேரே மையத்துக்குப் போகலாம். காலையும் மாலையும் சிக்னலில் ஊர்ந்தே ஓடும் வண்டிகளில் பிளக்கில் கரி சேர்கிறது. கன்வெர்ட்டரும் 250, 300 டிகிரியைத் தொட்ட பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். வரிசை நீளமாக இருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு அரைமணி நேரம் காத்திருக்காதீர்கள், கன்வெர்ட்டர் ஆறிவிடும். கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போவதே மேல். ஏசியை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

டீசல் காரில் அளப்பது வாயு அல்ல, கருமை. நியூட்ரலில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முழுதாக அழுத்தி விடுவார்கள், சில தடவை. புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று கருவி பார்க்கும். ஸ்டேஜ் 4-க்கு முந்தையவற்றுக்கு வரம்பு 2.45, ஸ்டேஜ் 4-க்கு 1.62. கரும்புகைக்குக் காரணம் அடைத்த ஏர் ஃபில்டர், தேய்ந்த நாசில், டர்போ குழாயில் கசிவு, கரி பிடித்த இஜிஆர் வால்வு. டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் தாண்டிய வண்டியை இந்தச் சோதனைக்குக் கொண்டுபோவது ஆபத்து: அந்த உச்ச வேகத்தில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். பெல்ட்டை முதலில் மாற்றிவிடுங்கள்.

சோதனைக்கு மட்டும் ஸ்க்ரூவை இறுக்கி, சான்று வாங்கியதும் பழையபடி திருப்பிவிடும் வழக்கமும் உண்டு. அடுத்த ஆறு மாதம் அந்தப் புகை அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்தில் நிற்பவர்களுக்கும், பூந்தமல்லி சிக்னலில் நமக்குப் பின்னால் ஸ்கூட்டியில் குழந்தையோடு நிற்பவருக்கும் போகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. நம் வண்டி விடுவது கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது. பழைய வண்டியை ஓட்டும் உரிமைக்காக வாதாடும் எவரும் இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் கட்சி.

வண்டி தோற்றால் பதற வேண்டாம். 2021 ஜூனில் நாடு முழுக்க ஒரே மாதிரியான சான்று வந்தபோதே, தோற்ற வண்டிக்கு எண்களோடு நிராகரிப்புச் சீட்டு தர வேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. அதைக் கேட்டு வாங்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள், சரிசெய்த பிறகு மறுபடி அளந்துகொள்ளலாம். சான்று முடியும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே இதைத் தொடங்கினால், கார்புரேட்டர் கிட்டோ சென்சாரோ வர நாளானாலும் அவகாசம் இருக்கும். பழைய சீட்டுகளைக் கிழித்துப் போடாமல் ஆர்சி கவரிலேயே வைத்திருங்கள். ஒவ்வொரு ஆறு மாதமும் ஹைட்ரோகார்பன் 200, 350, 520 என்று ஏறிக்கொண்டே வந்தால், 750-ஐத் தொடும் முன்பே பிளக்கையும் வயரையும் பார்த்துவிடலாம்.