உஷார்! மனாங்கில் ஓய்வு நாளை வெட்டாதீர்கள்

அக்டோபர் சீசனுக்கு அன்னபூர்ணா சுற்றுக்குக் கிளம்பும் நம் ஊர்க் குழுக்களின் பயணத் திட்டங்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. காத்மாண்டுவில் இறங்கிய மறுநாள் ஜீப்பில் மனாங். அதற்கு அடுத்த நாளே திலிச்சோ ஏரிப் பக்கம், இல்லாவிட்டால் நேராகத் தோரோங் லா கணவாயை நோக்கி. மனாங்கில் தங்கி ஓய்வெடுப்பது என்ற வரியே பல திட்டங்களில் இல்லை. கேட்டால், "லீவு கம்மி, அதான் ரோடு வந்துடுச்சே" என்கிறார்கள். ஐயா, அந்த ரோடுதான் இப்போது ஆபத்து!

மலை அடிவாரத்து பெசிசஹர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 760 மீட்டர். மனாங் சுமார் 3,540 மீட்டர். நடந்து போன காலத்தில் இந்த உயரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இப்போது ஜீப் ஒரே பகலில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. அதாவது ஒரே நாளில் 2,700 மீட்டருக்கு மேல் ஏற்றம். தமிழ்நாட்டின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். சென்னையிலும் மதுரையிலும் பிறந்து வளர்ந்த உடம்பை ஒரே நாளில் இப்படித் தூக்கிக்கொண்டுபோய் வைத்தால் அது என்ன செய்யும்?

அது தன்னைப் பழக்கிக்கொள்ளும். ஆனால் நாள் கேட்கும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. 5,416 மீட்டரில் இருக்கும் தோரோங் லாவில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், நம் கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. மலை மருத்துவர்கள் சொல்லும் விதி எளிது. 3,000 மீட்டருக்கு மேல், இன்று தூங்கும் இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஏறாமல் ஒரே ஊரில் தங்க வேண்டும். நடந்து வருகிறவருக்கே மனாங்கில் இரண்டு இரவு வேண்டும் என்றால், ஜீப்பில் வருகிறவர் வழியில் சாமேயில் ஓர் இரவு, பிசாங்கில் ஓர் இரவு தங்கிவிட்டு வந்து, மனாங்கில் இரண்டு மூன்று இரவாவது இருக்க வேண்டும். ஜீப்காரர் இதைச் சொல்ல மாட்டார். உங்களை இறக்கிவிட்டுத் திரும்புவதுதான் அவர் வேலை.

ஓய்வு நாள் என்றதும் போர்வைக்குள் சுருண்டு கிடப்பது என்று எண்ண வேண்டாம். மனாங்கில் அன்று ஏறி இறங்க வேண்டும். கங்காபூர்ணா ஏரிக்கரைக்குப் போகலாம், அல்லது ஊருக்கு மேலே இருக்கும் பிராகென் கோம்பா வரை மெதுவாக ஏறிவிட்டு இரவுக்கு ஊருக்கே திரும்பலாம். பகலில் உயரே போய்விட்டு இரவில் கீழே தூங்கினால் உடம்பு வேகமாகப் பழகும். அதே ஊரில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மருத்துவ முகாம் இருக்கிறது. 1973-ல் தொடங்கிய அமைப்பு அது. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் தன்னார்வ மருத்துவர்கள் அங்கே வந்து தங்கி, மலைநோய் பற்றிப் பயணிகளுக்குப் பேசுகிறார்கள். நம்மவர்கள் அந்த நேரத்தில் பேக்கரியில் ஆப்பிள் கேக் சாப்பிட்டு ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கேக் சாப்பிடுங்கள், மனாங் பேக்கரிகள் அருமையானவை. ஆனால் அந்தப் பேச்சுக்கும் போய் உட்காருங்கள். பீர் மட்டும் வேண்டாம். தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம்; தூக்கத்தில் ஏற்கெனவே குறையும் மூச்சை அது இன்னும் குறைத்துவிடும்.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கூட வந்தவர்களைக் கவனியுங்கள். விடுதியின் அடுப்பைச் சுற்றி எல்லோரும் தால் பாத் சாப்பிடும்போது, வழக்கமாக இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடும் ஆள் தட்டைத் தள்ளி வைக்கிறான். நெற்றியைப் பிடித்துக்கொள்கிறான். பேச்சைக் குறைத்துக்கொள்கிறான். தலைவலியோடு குமட்டல், அசதி, தலைச்சுற்றல் எதுவும் சேர்ந்தால் அது மலைநோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் பலகைத் தரையில் ஒரு கோட்டின் மேல், குதிகாலும் கால்விரலும் தொடும்படி பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், பேச்சில் குழப்பம் தெரிந்தால், மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலோடு நுரைச்சளி வந்தால், நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இவை இரண்டும் ஆளைக் கொல்லும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவ முகாமுக்கு, அது இல்லாத இடத்தில் உடனே கீழே. துணையில்லாமல் தனியாக அனுப்பவே கூடாது.

இந்த அறிகுறியை மறைப்பதுதான் நம்மிடம் இருக்கும் பெரிய கெடுதல். "வந்தது வந்தோம், பார்த்துட்டுப் போயிடலாம்" என்று ஒருவர் சொல்ல, தன்னால் குழு நிற்கக் கூடாதே என்று இன்னொருவர் வாயை மூடிக்கொள்கிறார். தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு கைடிடம் "நல்லா இருக்கேன்" என்கிறார். மாத்திரை வலியைத்தான் மறைக்கும், நோயை அல்ல. டயாமாக்ஸ் உடம்பு பழகுவதற்கு உதவும் மருந்து. அதை ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். விரல் நுனி மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் அதன் பக்கவிளைவு, பயப்பட வேண்டாம். ஆனால் டயாமாக்ஸ் போட்டாயிற்று என்று ஓய்வு நாளை வெட்டுவது தற்கொலைக்குச் சமம். பூண்டு சூப் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். சூடாக இருக்கும், குடியுங்கள். அதை மருந்தென்று நம்பி மேலே ஏறாதீர்கள்.

சாமான் வாங்கவும் சரிபார்க்கவும் மனாங்கின் இந்த ஓய்வு நாள்தான் வாய்ப்பு. மனாங்குக்கு மேலே யாக் கர்கா, லேதர், தோரோங் பேடி என்று விடுதிகள் உண்டு, கடைவீதி கிடையாது. நேபாள ரூபாயைக் கீழேயே போதுமான அளவு மாற்றிக்கொள்ளுங்கள், மேலே ஏ.டி.எம். இருக்கும் என்று நம்பி வராதீர்கள். கையுறை கிழிந்திருக்கிறதா, குளிர்கண்ணாடி பக்கவாட்டில் வெளிச்சத்தை மறைக்கிறதா என்று அன்றே பாருங்கள். பனியில் கண்ணாடி இல்லாமல் சில மணி நேரம் நடந்தாலே கண் வெந்துவிடும். தண்ணீர் வடிகட்டி வைத்திருப்பவர்கள் அதை இரவில் உறங்கும் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் ஒரு முறை உறைந்தாலும் வெடித்துவிடும். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், கிருமி உள்ளே போய்க்கொண்டிருக்கும். எனவே குளோரின் மாத்திரையும் கையில் இருக்கட்டும். செல்போன், பவர் பேங்க் இரண்டும் அதே பைக்குள்தான்.

கிளம்பும் முன் வானிலையைக் கேளுங்கள், விடுதிக்காரரிடமும் மருத்துவ முகாமிலும் கேளுங்கள். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹூட்ஹூட் புயல் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் மிச்சம் வடக்கே போய், இரண்டே நாளில் தோரோங் லா மேல் பெரும் பனியாகக் கொட்டியது. அந்தப் பனிப்புயலிலும் பனிச்சரிவுகளிலும் நேபாளத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், வெளிநாட்டவரும் உள்ளூர் வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும். வங்கக் கடலில் புயல் சின்னம் என்று செய்தி வந்தால், அன்னபூர்ணாவில் இருக்கும் உங்களுக்கும் அது செய்திதான். மனாங்கிலேயே இருங்கள்.

தோரோங் லாவைக் கடந்தால் முக்திநாத், நம் ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமம். கணவாய் வழியே நடந்து போய்ச் சேவிக்க வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. அதற்காகவே சொல்கிறேன். திரும்பும் விமான டிக்கெட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். மனாங்கில் கூடுதலாக இரண்டு நாள் தங்க இடமில்லாமல் போட்டிருந்தால், தேதியை மாற்றுங்கள். மாற்ற முடியாதென்றால் இந்த முறை மனாங்கோடு திரும்பிவிடுங்கள். குழுவில் யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.